வால்பேப்பர் உரிச்சாச்சு, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துல என்னென்ன பண்ணணும்

வால்பேப்பரை உரிச்சு முடிச்சவுடனே சுவர் பாக்க ஓரளவு சுத்தமாத்தான் தெரியும், சரி நாளைக்கே பெயிண்டரை வரச்சொல்லி ரெண்டு கோட் அடிச்சிரலாம்னு தோணும், அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பேப்பர் போயிருச்சு, ஆனா அதை ஒட்டுன பசை போகல. காய்ஞ்சு சுவத்தோட சுவரா கெடக்கறதால கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.

பசை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமேன்னு கேக்கலாம். கடைக்காரர் ஆள் அனுப்பி ஒட்டுற வால்பேப்பருக்குப் போடுற பசை பெரும்பாலும் தண்ணில கரையற வகை. இப்ப நாம அடிக்கப் போற வாட்டர் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில போடுற அடிப்பூச்சு), எமல்ஷன் (மேல வர்ற சுவர் பெயிண்ட்) ரெண்டுமே தண்ணி கலந்து அடிக்கிறது. அந்த ஈரம் பட்டதும் காய்ஞ்சு கெடந்த பசை மறுபடி ஊறும், அப்புறம் பெயிண்ட் காயறப்ப பசையும் கூடவே காய்ஞ்சு சுருங்கும், சுருங்கும்போது மேல இருக்கற பெயிண்டையும் பிடிச்சு இழுத்துரும். மொதல்ல முடி கனத்துக்கு வெடிப்பு விடும், அப்புறம் செதில் செதிலா எந்திரிக்கும். ஸ்டார்ச் பசையா இருந்தா அது போதாதுன்னு பூஞ்சை வேற, ஈரம் கிடைச்சா அந்தப் பசையே அதுக்கு சாப்பாடு. அதனால இங்க பாதிக்கு மேல பசையைப் பத்தித்தான் பேசப் போறேன். பட்டி (சுவத்தை மட்டமாக்க மெல்லிசா இழுக்கற பூச்சு) பாக்குறது, பிரைமர் அடிக்கிறது எல்லாம் கை பழகுன எந்தப் பெயிண்டரும் நல்லாவே பண்ணிருவாங்க, பசை விஷயத்துலதான் வீட்டுக்காரங்க நாம பக்கத்துல நின்னு பாக்கணும்.

நான் மனசுல வச்சுப் பேசறது நம்மூர் அபார்ட்மென்ட் சுவரை. செங்கல் இல்லன்னா பிளாக் கட்டு, மேல சிமென்ட் பூச்சு, அதுக்கு மேல பட்டி, பிரைமர், எமல்ஷன், கடைசியா டிவிக்குப் பின்னாடியோ கட்டில் தலைமாட்டுலயோ ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் வால்பேப்பர். வெளிநாட்டு வீடியோல காட்டுற சுவர் பெரும்பாலும் ஜிப்சம் போர்டு, அதுல அவங்க பண்றதை அப்படியே எடுத்து இங்க பண்ணா எல்லாம் ஒத்து வராது.

மொதல்ல சுவத்தை விசாரிங்க

உரிச்சதா நினைக்கறீங்களே, உண்மையிலயே முழுசா உரிஞ்சிருக்கான்னு பாருங்க. வினைல் வால்பேப்பர்ல மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு லேயர், அடியில பேப்பர் ஒரு லேயர். இழுக்கும்போது மேல் லேயர் மட்டும் அழகா முழு நீளத்துக்கு வந்துரும், அடிப்பேப்பர் வெள்ளையா சுவத்துலயே ஒட்டிட்டு இருக்கும், அதைப் பாத்துட்டு சுவர்னே நினைச்சிருவோம். ஈரத் துணியால ஒரு எடத்துல நல்லா ஒத்தி எடுங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல அந்த எடம் கருத்து, லேசா உப்பி சுருங்குச்சுன்னா அது பேப்பர், சுவர் இல்ல. அதையும் ஊறவச்சு எடுத்தே ஆகணும், அது மேல பெயிண்ட் அடிச்சா ஓரங்கள்லேர்ந்து பிரிஞ்சுக்கிட்டே வரும்.

அடுத்தது பசை எந்த வகைன்னு தெரிஞ்சுக்கணும். கைய ஈரமாக்கி சுவத்துல தேய்ங்க, வழவழன்னு வெண்டைக்காய் நறுக்குன கை மாதிரி இருந்தா தண்ணிப் பசை. மருந்துக் கடையில டிங்க்சர் அயோடின் சின்ன பாட்டில் கிடைக்கும், அதை ஒரு மூடி தண்ணில சில சொட்டு விட்டு பஞ்சால மூலையில லேசா தொட்டு வச்சா, ஸ்டார்ச் பசை இருக்கற எடம் நீலமும் கருப்புமா மாறிடும். ஸ்கூல்ல அரிசிக் கஞ்சில பண்ண அதே டெஸ்ட்தான். ஒரு விஷயம், செல்லுலோஸ் பசையா இருந்தா இந்த நிறம் வராது, அதனால நீலம் வரலைங்கறதை வச்சு பசை இல்லன்னு முடிவு கட்டாதீங்க, கையால தேய்ச்சுப் பாக்குறதுதான் கடைசி தீர்ப்பு. டெஸ்ட் பண்ண எடத்தை உடனே கழுவிடுங்க, அயோடின் கறை சும்மா போகாது.

ஆன்லைன்ல வாங்கி நாமளே பின்பக்கம் உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர் ஷீட்டா இருந்தா கதையே வேற. அந்த கம் தண்ணிக்கெல்லாம் அசையாது, விரல் வச்சா பிசுக்கு பிசுக்குன்னு ஒட்டும். அதுக்கு வேற வைத்தியம், கீழ தனியா சொல்றேன்.

மூணாவது, பசைக்கு அடியில என்ன இருக்கு. ஒரு சொட்டு தண்ணி வைங்க. அப்படியே நின்னா பழைய எமல்ஷன் இன்னும் இருக்கு. சட்டுன்னு உறிஞ்சி கருத்துச்சுன்னா பட்டி வெளிய தெரியுது, பெயிண்ட் பேப்பரோடயே உரிஞ்சு வந்திருச்சுன்னு அர்த்தம். நகத்தால கீறுனா மாவா கொட்டுச்சுன்னா பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இல்லன்னா ஜிப்சம் பூச்சா இருக்கலாம், அங்க தண்ணி ரொம்ப காட்டக்கூடாது, ஊறிப் போயிரும். கையில வெள்ளையா ஒட்டுச்சுன்னா சுண்ணாம்பு இல்லன்னா பழைய டிஸ்டெம்பர் (தண்ணில கலக்கி அடிக்கற மலிவு பெயிண்ட்), அதை முழுக்க சுரண்டாம மேல எதுவும் நிக்காது. தட்டுனா சுவர் முழுக்க பொட்டி மாதிரி சத்தம் வந்தா அது போர்டு அடிச்ச தடுப்பு. நிஜத்துல ஒரே சுவத்துல இதுல ரெண்டு மூணு கலந்துதான் இருக்கும், ஒரு பக்கம் பெயிண்ட் ஒரு பக்கம் பட்டின்னு திட்டுத் திட்டா, அதுல பயப்பட ஒண்ணுமில்ல.

பசையைக் கழுவுறது

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த ரூமுக்கான எம்சிபியை (மெயின் பாக்ஸ்ல இருக்கற டிரிப் சுவிட்ச்) இறக்கிடுங்க, சுவிட்ச் போர்டு மூடியைக் கழட்டி, உள்ள இருக்கற வயர் மேல பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டிடுங்க. பேப்பர் ஒட்டுனவங்க போர்டு மூடிக்கு அடியில கொஞ்சம் மடிச்சு விட்டிருப்பாங்க, அந்தத் துண்டையும் இப்பவே எடுத்துரலாம். தரையில பழைய பெட்ஷீட், ஓரத்துல சணல் சாக்கு, தண்ணி வழிஞ்சு கதவு நிலையில இறங்காம பாத்துக்கணும்.

ரெண்டு பக்கெட் வேணும். ஒண்ணுல கை தாங்கற சூட்டுல வெந்நீர், அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு ஸ்பூன். இன்னொண்ணுல சும்மா நல்ல தண்ணி. வெந்நீர்ல வினிகர் ஒரு டம்ளர் ஊத்துறவங்களும் இருக்காங்க, பசையை இளக்கறதுக்கு உதவும், ஆனா சூடும் பொறுமையும்தான் உண்மையில வேலை செய்யுது, வினிகர் இல்லாமலும் ஆகும். அப்புறம் ரெண்டு மூணு பெரிய ஸ்பாஞ்ச், நாலு இன்ச் பட்டி பிளேடு ஒண்ணு, பழைய துண்டுத் துணி நிறைய.

சுவர் முழுக்க ஒரே தடவைல நனைக்காதீங்க. மூணடிக்கு மூணடி எடுத்துக்குங்க, ஸ்பாஞ்சால நல்லா நனைங்க, பத்து நிமிஷம் விடுங்க, நடுவுல காய்ஞ்சா இன்னொரு தடவை ஒத்துங்க. பசை ஊறி ஜெல்லி மாதிரி ஆனதும் பிளேடைப் படுக்க வச்சு, சுவத்தோட கிட்டத்தட்ட சாய்வா பிடிச்சு, அழுத்தாம வழிச்சு எடுங்க. குத்தலா பிடிச்சா அடியில இருக்கற பட்டியை கீறிரும், அப்புறம் அந்தக் கோடெல்லாம் நாமதான் ரொப்பணும். வழிச்ச பசையை ஒரு பேப்பர்ல துடைச்சுப் போடுங்க, திரும்ப பக்கெட்ல முக்காதீங்க. அப்புறம் நல்ல தண்ணி ஸ்பாஞ்சால துடைங்க. நல்ல தண்ணி பக்கெட்டை அடிக்கடி மாத்தணும், இதுலதான் எல்லாரும் சோம்பேறித்தனம் பண்றது, கலங்குன தண்ணில துடைச்சா பசையை ஒரு எடத்துலேர்ந்து எடுத்து சுவர் பூரா மெல்லிசா பூசிவிடறோம்னுதான் அர்த்தம். 

ஒரு சுத்து முடிச்சதும் மறுபடி கையால தேய்ச்சுப் பாருங்க. வழவழப்பு இருந்தா இன்னொரு சுத்து. பொதுவா ரெண்டு சுத்து ஆகும், பேப்பர் ஜாயின்ட் வந்த எடத்துலயும் ஓரங்கள்லயும் மூணு கூட ஆகும், ஏன்னா ஒட்டுறவங்க ஓரம் தூக்காம இருக்கணும்னு அங்க பசையை அள்ளி அப்பியிருப்பாங்க. சில பேர் ஓரத்துக்கு மட்டும் ஃபெவிகால் கலந்து போடுவாங்க, அது காய்ஞ்சா கண்ணாடி மாதிரி பளபளன்னு நிக்கும், தண்ணிக்கு லேசுல மசியாது, வெந்நீர்ல நனைச்ச துணியை அது மேல கால் மணி நேரம் ஒட்டி வச்சு அப்புறம் சுரண்டணும். துணிக்கு நீராவி விடுற ஸ்டீமர் வீட்டுல இருந்தா இந்த மாதிரி சின்ன எடத்துக்கு ரொம்ப உதவும்.

பிஓபி, ஜிப்சம், போர்டு சுவரா இருந்தா இவ்ளோ தண்ணி வேணாம். ஸ்பாஞ்சை நல்லா பிழிஞ்சு, ஈரமா மட்டும் வச்சு, ஒரடிக்கு ஒரடியா ஒத்தி வழிங்க. கொஞ்சம் பசை அங்க மிச்சம் இருந்தா கூட பரவாயில்ல, சுவத்தை ஊறவைக்கறதை விட மேல ஆயில் பிரைமர் அடிச்சு அடக்கறது மேல்.

பசை இருக்கும்போதே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போச்சேன்னு நினைப்பு வரும். வேண்டாம். தேய்க்கற சூட்டுல பசை இளகி தாள்ல அடைஞ்சுக்கும், ரெண்டு நிமிஷத்துல தாள் வழுக்க ஆரம்பிச்சிரும், தாளும் வீண் வேலையும் வீண்.

ஸ்டிக்கர் ஷீட் விட்டுட்டுப் போன கம்

ஷீட் இன்னும் மிச்சம் இருந்தா ஹேர் டிரையர் சூடு காட்டி மெதுவா, சுவத்தை ஒட்டுன மாதிரி கீழ் நோக்கி இழுங்க, நேரா வெளிய இழுத்தா பட்டியோட பேத்துக்கிட்டு வரும். பிசுக்கு மிச்சம் இருக்கற எடத்துல டர்பன்டைன் நனைச்ச துணியால துடைச்சு, உருண்டு வர்றதை பிளேடால எடுத்துரலாம். மண்ணெண்ணெய்ல துடைக்கச் சொல்லுவாங்க, கம் போகும்தான், ஆனா அது எண்ணெய்ப் பசையை சுவத்துல விட்டுட்டுப் போகும், அப்புறம் அது மேல பிரைமர் ஒட்டாது. டர்பன்டைன் போட்டாலும் கடைசில சோப்புத் தண்ணி, நல்ல தண்ணி ரெண்டுலயும் துடைச்சே ஆகணும். ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க, பக்கத்து ரூம்ல கூட அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் எரியக் கூடாது, நனைஞ்ச துணியை மூலையில குவிச்சுப் போடாம வெளிய விரிச்சுக் காயவிடுங்க.

காயட்டும், ஓதமும் பாத்துருங்க

கழுவி முடிச்ச சுவர் வெயில் காலத்துல ஃபேன் போட்டு ஒரு நாள் ரெண்டு நாள்ல காய்ஞ்சிரும். ஐப்பசி கார்த்திகை மழைல ஒரு வாரம் ஆனாலும் ஆகும், அந்த நேரத்துல முடிஞ்சா இந்த வேலையையே எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன். மேல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். தெரிஞ்சுக்க சுலபமான வழி, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் ஷீட் வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம சுவத்துல ஒட்டிட்டு ஒரு நாள் விடுங்க. எடுக்கும்போது ஷீட்டோட உள்பக்கம் நீர் கோத்திருந்தா சுவத்துக்குள்ள ஈரம் இருக்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி ஒட்டிப் பாத்தும் அப்படியே நீர் கோத்தா அது நாம கழுவுன தண்ணி இல்ல, எங்கேருந்தோ ஓதம் இறங்குது.

வினைல் பேப்பர் சுவத்தை மூச்சு விட விடாது, அதனால ஓதம் இருக்கற சுவத்துல வருஷக்கணக்கா அது மறைச்சு வச்சிருந்ததெல்லாம் உரிச்ச பிறகுதான் தெரிய வரும். சொல்லப்போனா ஓதக் கறையை மறைக்கறதுக்குன்னே வால்பேப்பர் ஒட்டி வீட்டை வாடகைக்கு விடறவங்களும் உண்டு. பின்னாடி பாத்ரூம் சுவரா, ஜன்னல் சன்ஷேடுல விரிசலா, மேல மொட்டை மாடியா, ஏசி தண்ணிக் குழாய் கசியுதான்னு தேடிக் கண்டுபிடிச்சு அதை முதல்ல அடைங்க. ஒழுகல் நிக்காம பெயிண்டுக்கு எவ்ளோ காசு கொட்டுனாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும். டேம்ப் புரூஃப்னு சொல்லி உள்பக்கத்துல மட்டும் ஒரு கோட் அடிச்சுட்டா சரியாப் போச்சுன்னு கடையில சொல்லுவாங்க, தண்ணி வர்ற வழி திறந்தே இருந்தா அது அந்தக் கோட்டையும் தள்ளிட்டு வெளிய வரும்.

வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தா அதை ஈரத் துணியால துடைக்கக் கூடாது, தண்ணில கரைஞ்சு மறுபடி உள்ள போயிரும், காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு உதிர்த்து, கூட்டி வெளிய கொட்டுங்க. கருப்பா பச்சையா புள்ளி இருந்தா பூஞ்சை. துணி வெளுக்கற ப்ளீச் லிக்விட் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு கலந்து ஸ்பாஞ்சால பூசி கால் மணி நேரம் விட்டு நல்லா கழுவுங்க, கிளவுஸ், மாஸ்க் ரெண்டும் போட்டுக்கணும். இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை: ப்ளீச்சோட வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேரவே கூடாது, விஷ வாயு வரும். பசையைக் கழுவ வினிகர் போட்டிருந்தீங்கன்னா சுவத்தை நல்ல தண்ணில அலசி, காய்ஞ்ச பிறகுதான் ப்ளீச் பக்கம் போகணும், பக்கெட்டும் வேற.

சுரண்டல், ஓட்டை, விரிசல்

காய்ஞ்ச சுவத்தை பிளேடால ஒரு தடவை முழுக்க சுரண்டிக்கிட்டே வாங்க, எங்கெல்லாம் பழைய பெயிண்ட் தானா எந்திரிக்குதோ அதெல்லாம் போகட்டும். நல்லா பிடிச்சிட்டிருக்கற பெயிண்டை வம்பா பேக்க வேண்டியதில்ல. சந்தேகமா இருந்தா பிளேடு நுனியால பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கீறு கீறி, மேல செலோ டேப்பை அழுத்தி ஒட்டி சடக்குன்னு இழுங்க. டேப்போட பெயிண்ட் வந்தா அந்த ஏரியா முழுக்க சுரண்டணும்.

அப்புறம் விரல் மொட்டியால தட்டிப் பாருங்க. டப் டப்னு பொக்கையா கேக்கற எடத்துல பூச்சு செங்கல்லேர்ந்து விட்டிருக்கு. உள்ளங்கை அளவுதானே, அப்பறமா பாத்துக்கலாம்னு விடாம இப்பவே கொத்தி எடுத்து, 1-க்கு 4 சிமென்ட் மணல் கலவைல பூசி ஒரு வாரம் தண்ணி காட்டணும். புதுசா பூசுன எடத்துல பெயிண்ட் அடிக்க கிட்டத்தட்ட ஒரு மாசம் பொறுக்கணும், இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்காம பெயிண்டருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு முழிக்காதீங்க.

வால்பேப்பர் சுவத்துக்குன்னே தனியா சில காயங்கள் இருக்கும். ஒட்டுறவங்க ரெண்டு ஷீட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கட்டர்ல ஒரே கீறா கீறி ஜாயின்ட் எடுப்பாங்க, அந்தக் கீறல் பட்டிக்குள்ள நேர் கோடா, கூரையிலேர்ந்து தரை வரைக்கும் இறங்கியிருக்கும். இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது, சாட்டின் ஷீன், அதாவது லேசா மினுக்குற எமல்ஷன் அடிச்ச பிறகு லைட் வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும். கூரை ஓரம், ஸ்கர்ட்டிங் (தரையை ஒட்டி சுவர் அடியில பதிக்கற டைல் பட்டை) ஓரம், சுவிட்ச் போர்டைச் சுத்தியும் இதே மாதிரி கட்டர் கோடு இருக்கும். அந்தக் கோட்டை பிளேடு முனையால கொஞ்சம் அகலமாக்கி விட்டாத்தான் பட்டி உள்ள இறங்கும். அதே மாதிரி பழைய ஆணி ஓட்டை, டிவி ஸ்டாண்டு பிளக் எல்லாம் பேப்பருக்கு அடியில அப்படியே இருக்கும், பிளாஸ்டிக் பிளக்கை ஸ்க்ரூ பாதி போட்டு கொறடால பிடுங்கிட்டு ஓட்டையை ரெண்டு தடவையா ரொப்புங்க, ஒரே தடவைல அடைச்சா காயறப்ப நடுவுல குழி விழும். விரிசலையும் இதே மாதிரி வி வடிவத்துல கொஞ்சம் திறந்து, தூசி ஊதி, கிராக் ஃபில்லர் போட்டு நிறுத்துங்க.

இப்பதான் உப்புத்தாள். நம்பர் சின்னதா இருந்தா தாள் முரடு, பெருசா இருந்தா நைஸ். 80-ல ஆரம்பிச்சா போதும், பிறகு 120. எமல்ஷன் பளபளப்பு இருக்கற எடமெல்லாம் மங்கலாகணும், அப்பதான் மேல வர்றது பிடிக்கும். மாஸ்க் சும்மா துணி மாஸ்க் பத்தாது, என்95 போடுங்க. ரொம்ப பழைய வீடு, அடியில ஆயில் பெயிண்ட் இருக்குன்னா காய்ஞ்ச தேய்ப்பு தேய்க்காதீங்க, அதுல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல கூடாதுன்னு 2016-ல விதி போட்டு 2017 நவம்பர்லேர்ந்துதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்சதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். ஈரம் தெளிச்சுத் தேய்ங்க, குழந்தைங்களையும் கர்ப்பமா இருக்கறவங்களையும் அந்த வேலை முடியற வரைக்கும் வேற எடத்துல வைங்க.

ஒரடி ட்ரையல்

முழு சுவத்துக்கும் பட்டி, பிரைமர்னு இறங்கறதுக்கு முன்னாடி, பசை அதிகமா இருந்த ஏதாவது ஒரு ஜாயின்ட் பக்கத்துல ஒரடி சதுரத்துக்கு எமல்ஷனை நேரா அடிச்சு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. சுருங்காம, கொப்புளம் விடாம, டேப் போட்டு இழுத்தாலும் வராம நின்னுச்சுன்னா பசை போயிருச்சு. வெடிச்சா இன்னொரு சுத்து கழுவணும். பழைய பெயிண்ட் டப்பா அடியில கொஞ்சம் கெடந்தாலே போதும், இதுக்குன்னு புதுசா வாங்க வேணாம். பெயிண்டர் அண்ணன் "எதுக்கு சார் இதெல்லாம், மேலாப்புல பட்டி இழுத்துட்டா ஒண்ணும் தெரியாது"ம்பார். பட்டி இழுத்தா தெரியாதுதான். ஆனா பசை மேல நிக்கற பட்டி பெயிண்டை விட கனம், விழும்போது பாளமா விழும். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்ல, சதுர அடிக்கு கூலி பேசிட்டு வந்தவருக்கு கழுவுற வேலைக்கு யாரும் காசு குடுக்கறதில்ல. அதனால பேசும்போதே "பசை கழுவுறதுக்கு தனியா ஒரு நாள் கூலி"ன்னு சேத்துப் பேசிருங்க, இல்லன்னா அதை நீங்களே பண்ணிட்டு அவரை பட்டிக்கு மட்டும் கூப்பிடுங்க. நான் ரெண்டாவதுதான் சொல்வேன், அதுக்கு பெரிய கைத்திறமை ஒண்ணும் வேணாம், பொறுமை இருந்தா போதும்.

எந்த பிரைமர், எந்த பட்டி

ட்ரையல் பாஸாகி, பசை சுத்தமா போயிருந்தா பட்டிக்கு அடியில போடுற முதல் பிரைமருக்கு வாட்டர் பிரைமர் ஒரு கோட் போதும். எவ்ளோ கழுவியும் லேசா பசை இருக்கு, இல்லன்னா போர்டு சுவர்ல மேல் பேப்பர் கிழிஞ்சு பிரவுனா பஞ்சு பஞ்சா நிக்குதுன்னா ஆயில் பிரைமர், அதாவது டர்பன்டைன் கலந்து அடிக்கற வால் பிரைமர். அதுல தண்ணி இல்லாததால பசை எந்திரிக்காது, அப்படியே பூட்டுன மாதிரி அடங்கிரும். அயோடின் கறை, பழைய ஓதக் கறை வெளிய ஊறி வராம தடுக்கறதுலயும் வாட்டரை விட ஆயில் நல்லது. ஆனா வாடை பயங்கரமா அடிக்கும், ராத்திரி பூரா காயணும், ஈரம் இருக்கற சுவத்துல அடிச்சா கொப்புளம் விடும், அதனால பாலிதீன் டெஸ்ட் பாஸானா மட்டும் ஆயில்.

பட்டில ரெண்டு வகை. மூட்டையில பவுடரா வர்றது வெள்ளை சிமென்ட் பட்டி, டப்பாவுல களிம்பா வர்றது அக்ரிலிக் பட்டி. சிமென்ட் பட்டி புது சிமென்ட் பூச்சுக்கு அருமையா பிடிக்கும், ஈரமாக்கின சுவத்துல போடணும், கல்லு மாதிரி நிக்கும். பழைய எமல்ஷன் வழவழப்பு மேல அதுக்கு அவ்ளோ பிடிப்பு கிடையாது. ஆயில் பிரைமர் மேல போடவே கூடாது, சிமென்ட்ல இருக்கற காரத்தன்மை ஆயிலைத் தின்னுடும். நம்ம சுவர் பாதி எமல்ஷன் பாதி பட்டின்னு இருக்கறதால உள் சுவத்துக்கு அக்ரிலிக்தான் என் ஓட்டு, விலை கூட, ஆனா ஒரே ஒரு சுவர்தானே. சிமென்ட் பட்டியே போடறதா இருந்தா 1 கிலோவுக்கு சுமார் 350-லேர்ந்து 400 மில்லி தண்ணி, கட்டி இல்லாம கலக்கி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்ற அளவு மட்டும் கலக்குங்க. இறுகிப் போச்சுன்னு மறுபடி தண்ணி விட்டுக் கலக்கறது கூடவே கூடாது.

வரிசை இப்படி வச்சுக்குங்க: தூசி துடைச்சு முதல் பிரைமர், காய்ஞ்சதும் ஓட்டை விரிசல் கோடெல்லாம் ரொப்புறது, அப்புறம் சுவர் முழுக்க மெல்லிசா ஒரு பட்டி, காய்ஞ்ச பிறகு குறுக்குவாட்டுல இன்னொரு பட்டி. ஆயில் பிரைமர் அடிச்சிருந்தா பட்டிக்கு முன்னாடி 220 தாள்ல லேசா ஒரு தடவு. ரெண்டு கோட்டும் சேந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகாம பாத்துக்கணும், பள்ளத்தை ரொப்ப பட்டியை அள்ளி அப்பறது வேலைக்கு ஆகாது. பக்கத்து சுவத்துல வால்பேப்பர் இல்லாததால மூலையில ரெண்டு சுவரும் சேர்ற எடத்துல மட்டம் வித்தியாசம் வரும், அங்க பட்டியை ஒரு ஜாண் தூரத்துக்கு மெலிசா இழுத்து கரைச்சு விடுங்க.

தேய்ப்பு 180, அப்புறம் 220. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை சுவத்தை ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சா மேடு பள்ளம், பிளேடு கோடு எல்லாம் நிழலா எந்திரிச்சுக்கும். பென்சில்ல வட்டம் போட்டு வச்சுக்கிட்டு காலைல அதை மட்டும் சரி பண்ணுங்க, பேனா வேணாம், மை மேல ஊறி வரும். தூசியை பிரஷ்ஷால தட்டி, லேசா ஈரமான துணியால ஒரு துடை.

கடைசியா வாட்டர் பிரைமர் ஒரு கோட். டப்பாவுல போட்டிருக்கற அளவு தண்ணிதான், கூட ரெண்டு மக்கு ஊத்துனா நிறைய வரும்ங்கற ஆசைல ஊத்தாதீங்க, பட்டி முழுக்க உறிஞ்சிரும், கையில மாவு ஒட்டும். காய்ஞ்ச பிறகு உள்ளங்கையால தடவுங்க, வெள்ளை ஒட்டலன்னா சரி, ஒட்டுச்சுன்னா இன்னொரு கோட். அடர் நிறம் அடிக்கப் போறீங்கன்னா கடையில கேட்டு பிரைமர்லயே கொஞ்சம் ஸ்டெய்னர் (நிறம் கூட்டற திரவம்) கலந்துக்கலாம், எமல்ஷன் ஒரு கோட் மிச்சமாகும். நாலஞ்சு மணி நேரம் விட்டுட்டு முதல் கோட் எமல்ஷனை ஆரம்பிக்கலாம். சுவிட்ச் போர்டு மூடியை மட்டும் ரெண்டு கோட்டும் முடிஞ்சு மறுநாள் மாட்டுங்க, அவசரப்பட்டு மாட்டுனா ஓரத்துல பெயிண்ட் ஒட்டிக்கிட்டு, அடுத்த தடவை கழட்டும்போது உரிஞ்சிட்டு வரும்.